‘பள்ளி’க்குள் இத்தனை ஆச்சரியங்களா! தெரியுமா உங்களுக்கு?

பள்ளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மணிச் சத்தம், கரும்பலகை, சாக்பீஸ் தூள், ஹோம்வொர்க் நோட்டு... அவ்வளவுதானே? ஆனால் இதே பள்ளி ஒரு காலத்தில் படுக்கையாக இருந்தது தெரியுமா? துறவிகள் தங்கிய குகையாக இருந்தது தெரியுமா? இறந்துபோன சோழ மன்னனின் சமாதி, சாமிக்குச் சமைக்கும் அடுக்களை, ஐந்து வேளைத் தொழுகை நடக்கும் இடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கும் தேவாலயம், ராஜா புறப்பட்டுப் போகும் வேட்டை... இத்தனைக்கும் ஒரே பெயர்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வரிசை கட்டி நிற்கும்!

வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் திறப்போம்!

வள்ளுவர் சொன்ன பள்ளி எது?

திருக்குறளில் பள்ளி வருகிறது தெரியுமா? 840-ஆவது குறள்! ஆனால் அது பிள்ளைகள் படிக்கும் பள்ளி இல்லை! சான்றோர் கூடியிருக்கும் சபைக்குள் ஒரு முட்டாள் நுழைந்தால் எப்படி இருக்குமாம்? கழுவாத காலைத் தூக்கிப் ‘பள்ளி’யில் வைத்த மாதிரி இருக்குமாம்! அங்கே பள்ளி என்றால் படுக்கை! இன்றைய அர்த்தத்தோடு படித்தால் அந்தக் குறளே புரியாது. தூங்கினால் வாத்தியார் வெளியே நிற்க வைக்கும் இடத்தின் பெயருக்கு, ஆதியில் தூங்கும் இடம் என்று அர்த்தம்! நம்ப முடிகிறதா?

2,200 வருஷத்துக்கு முன்பே கல்லில்!

தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளிலேயே பள்ளி இருக்கிறது தெரியுமா?

மதுரைக்குப் பக்கத்தில், மேலூர் வட்டாரத்தில், மீனாட்சிபுரம் என்று ஒரு கிராமம். அதன் மலை மேல் இயற்கையான குகைகள். 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்காரர் அங்கே கல்லில் ஏதோ எழுத்து இருப்பதைக் கண்டார். என்ன மொழி? என்ன எழுத்து? அப்போது யாருக்கும் பிடிபடவில்லை! 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் “இது தமிழ்!” என்று எடுத்துக் காட்டினார். பிறகு 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதற்குள் புகுந்து பார்த்தால், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரே அங்கே இருக்கிறது! சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த பெயர், கல்லில்!

சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். கணி நந்தஸிரி என்ற சமணத் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பவன் ஒரு இடம் கொத்திக் கொடுத்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு. என்ன இடம்? கடைசி வார்த்தையைப் பாருங்கள்: ‘பளிஇய்’! ஆமாம், நம்முடைய பள்ளியேதான்! இரட்டை எழுத்தை ஒற்றையாகச் செதுக்குவது அந்தக் கால வழக்கம், அதனால் ஒரு ‘ள்’ குறைகிறது. மகாதேவன் கணித்த காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. இன்று காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளை “பள்ளிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதே, அந்தச் சொல்லுக்கு வயது சுமார் 2,200!

குகைக்குள் குனிந்து பார்த்தால் இன்னும் ஆச்சரியம்! தரையில் வரிசையாகக் கல் படுக்கைகள். மழுமழுவென்று வழித்து எடுத்த பரப்பு. தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேடு. அதுதான் தலையணை! மேலே நிமிர்ந்தால் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். எதற்கு? மழைத் தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பிலேயே சொட்டி வெளியே விழுவதற்கு! சிமெண்ட் இல்லை, சன்ஷேட் இல்லை, உளியை வைத்து ஒரே ஒரு கோடு! அதற்குக் கீழேதான் எழுத்துகள். அதனால்தான் இத்தனை மழைக்கும் கரையாமல் நிற்கின்றன!

சித்தன்னவாசல் என்றால் எல்லாருக்கும் ஓவியம்தான் தெரியும். அதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? பாறைச் சரிவில் படி வெட்டியிருக்கும் இடத்தைக் கடந்துபோனால் 17 கல் படுக்கைகள்!

படுக்கை எப்படி வகுப்பறை ஆனது?

சமணத் துறவிகள் வருஷம் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். ஓர் ஊரில் நிலையாகத் தங்கக் கூடாது. ஆனால் மழைக்காலத்தில் நடந்தால் காலடியில் புழு, பூச்சி சாகுமே! அதனால் அந்த மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். தங்கிய இடம் பள்ளி. சும்மா தங்குவார்களா? சாப்பாடு, மருந்து, அடைக்கலம், நூலறிவு என்று நான்கு தானங்கள் அவர்கள் மதத்தில் பெரிய கடமை. நூலறிவு கேட்டு ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். துறவி படுத்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அப்படித்தான் பள்ளிக்குக் கல்வி ஒட்டிக்கொண்டது என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இதைவிட அழகான ஒரு சொல் வரலாறு தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை!

‘கல்லூரி’யும் ஏதோ வெள்ளைக்காரன் காலத்தில் உண்டாக்கிய சொல் என்று நினைத்திருந்தீர்களா? ஆயிரம் வருஷப் பழைமையான சீவக சிந்தாமணியிலேயே கல்லூரி இருக்கிறது! அதை எழுதிய திருத்தக்க தேவரும் ஒரு சமணத் துறவிதான்!

1,100 வருஷத்துக்கு முன்னால் 500 மாணவிகள்!

இதைக் கேட்டால் நிச்சயம் அசந்து போவீர்கள்! திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கத்தில் வேடல் என்று ஒரு ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், அங்கே இருந்த சமணப் பள்ளியின் ஆசிரியர் யார் தெரியுமா? ஒரு பெண்! பெயர் கனகவீரக் குரத்தியார்! குரத்தி என்றால் பெண் குரு. அவரிடம் படித்த மாணாக்கியர் எத்தனை பேர்? ஐம்பதா? நூறா? ஐந்நூறு!

அதோடு முடியவில்லை. அந்த 500 பேருக்கும் அங்கிருந்த 400 துறவிகளுக்கும் ஏதோ சச்சரவு வந்துவிட்டது. உடனே ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? “குரத்தியாருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் சாப்பாடும் பாதுகாப்பும் எங்கள் பொறுப்பு” என்று ஏற்றுக்கொண்டு, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்! பெண்கள் படிக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் இனிமேல் வேடல் பெயரைச் சொல்லுங்கள்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறால் மலைக்குப் போனாலும் குரத்திகள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை.

பள்ளி சமணருக்கு மட்டும் சொந்தமா?

இல்லவே இல்லை! சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை வீதியைச் சுற்றிக் காட்டுகிறார். பௌத்தர்கள் கும்பிடும் இடம், பள்ளி! சில வரி தள்ளி, அந்தணர்கள் இருக்கும் இடம், அதுவும் பள்ளி! ஒரே ஊர், ஒரே பாட்டு, வெவ்வேறு சமயம், ஒரே சொல்!

இன்னொன்று தெரியுமா? நாகப்பட்டினத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, சிவபக்தனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற முழுக் கிராமத்தின் வருமானத்தை எழுதி வைத்தான்! அந்தச் செப்பேடு 21 ஏடு! எடை ஏறக்குறைய 30 கிலோ! நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லைடன் செப்பேடு’ என்றே அதற்குப் பெயர்! இப்படிச் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்துக்கு ஒரு தனிப் பெயரே உண்டு: பள்ளிச்சந்தம்!

இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் என்ன தெரியுமா? ‘ராஜராஜப் பெரும்பள்ளி’! புத்தர் கோயில், சோழன் பெயர், தமிழ்க் கல்வெட்டு!

ராஜாவின் கடைசிப் பள்ளி

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி! ஆழ்வார்க்கடியான் ஒளிந்திருந்து சதிகாரர்கள் பேசுவதைக் கேட்கிறானே, அது எந்த இடம்? திருப்புறம்பயம் பள்ளிப்படை! பள்ளிப்படை என்றால் என்ன? படைவீரர்களுக்கு நடத்தும் ஸ்கூலா? இல்லை! அரசரைப் புதைத்த இடத்தின் மேல் எழுப்பிய நினைவுக் கோயில்! இங்கே பள்ளி என்றால் மீளாத தூக்கம். திருப்புறம்பயம் போரில் விழுந்த கங்க மன்னன் பிருதிவீபதிக்காக எழுந்தது அது.

முதலாம் ஆதித்தனுக்குக் காளஹஸ்திப் பக்கம் தொண்டைமானாற்றூரில் மகன் பராந்தகன் எழுப்பினான். தாத்தா அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் பேரன் ராஜராஜன் எழுப்பினான். ஆனால் எல்லாவற்றையும்விட என் மனசைத் தொட்டது ஒன்று உண்டு. கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன், பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பள்ளிப்படை கட்டினான். பஞ்சவன் மாதேவி! அவனைப் பெற்றவள்கூட இல்லை, சிற்றன்னை! ஒரு அரசிக்காக எழுந்த பள்ளிப்படை எவ்வளவு அபூர்வம் தெரியுமா? கும்பகோணம் போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!

சாமியும் பள்ளிக்குப் போகிறார்!

பெருமாள் படுத்திருந்தால் ‘பள்ளி கொண்டிருக்கிறார்’ என்போம். சரி, சிவன் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? லிங்கமாக, நடராஜராக, தட்சிணாமூர்த்தியாகப் பார்த்திருப்பீர்கள். ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லையில் சுருட்டப்பள்ளிக்குப் போங்கள். ஆலகால விஷம் குடித்த களைப்பில் பார்வதி மடியில் தலை வைத்துச் சிவபெருமான் படுத்திருப்பார்! பெயர், பள்ளிகொண்டீஸ்வரர்! ஊர்ப் பெயரிலும் பள்ளி, சாமி பெயரிலும் பள்ளி! டபுள் பள்ளி!

திருவனந்தபுரம் பத்மநாபர் பள்ளிகொண்ட நீளம் 18 அடி! ஒரே வாசலில் நின்று பார்த்தால் முழுசாகத் தெரியாது. முதல் வாசலில் முகம், நடு வாசலில் நாபித் தாமரை, மூன்றாவது வாசலில் பாதம்!

மதுரையில் இராத்திரி கடைசிப் பூஜையைப் பார்த்திருக்கிறீர்களா? சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகும். தினமும்! வாத்தியம் முழங்க, பால் நைவேத்தியம் ஆகி, கதவு சாத்துவார்கள். காலையில் எழுப்ப வேண்டுமே? அதற்குத்தான் திருப்பள்ளியெழுச்சி! சைவத்தில் மாணிக்கவாசகர் ஒன்று பாடினார். வைணவத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் ஒன்று பாடினார். அங்கேயும் 10 பாட்டு, இங்கேயும் 10 பாட்டு!

சாப்பாட்டுக்கும் பள்ளி!

கோயில் அடுக்களைக்கு என்ன பெயர்? மடைப்பள்ளி! மடை என்றால் சாமிக்குப் படைக்கும் சோறு. ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் தளிகை புது மண்பானையில்தான்! நேற்று வைத்த பானை இன்றைக்கு ஆகாது! அதைவிட அதிசயம், கோயில் கதையில் வரும் முஸ்லிம் இளவரசி துலுக்க நாச்சியாருக்காக ரங்கநாதருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் மணக்கும் மடைப்பள்ளியில் ரொட்டி வாசனை!

சோறும் பள்ளியும் மறுபடி எங்கே சேர்ந்தன தெரியுமா? 1920-இல், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில்! நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அங்கேதான் தொடங்கியது.

ஒரே வாக்கியம், மூன்று இடம்!

“பள்ளிக்குப் போயிட்டு வரேன்.” மதுரையில் ஒரு சிறுவன் இதைச் சொன்னால் புத்தகப் பையோடு கிளம்புகிறான். கோட்டயத்தில் ஒரு சிரியன் கிறிஸ்தவப் பாட்டி இதையே மலையாளத்தில் சொன்னால் தேவாலயத்துக்குக் கிளம்புகிறாள்! இலங்கையில் காத்தான்குடியில் ஒரு பெரியவர் சொன்னால்? தொழுகைக்குக் கிளம்புகிறார்! அங்கே பிள்ளைகள் போகும் இடத்தின் அரசாங்கப் பெயர் பாடசாலை.

நம்மூர் இஸ்லாமியர்களுக்கும் பள்ளிவாசல்தானே! அரபியிலிருந்து எத்தனையோ சொற்கள் தமிழுக்கு வந்தன. தொழும் இடத்துக்கோ இந்த மண்ணின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்! கொடுங்கல்லூரில் சேரமான் ஜும்மா பள்ளி, 629-இல் எழுந்தது என்பது மரபு.

பள்ளிவாசல் என்று ஒரு ஊரே இருக்கிறது தெரியுமா? மூணாறுக்குப் பக்கத்தில்! கேரளாவின் முதல் நீர்மின் நிலையம் அங்கேதான், 1940-இல் ஓடத் தொடங்கியது!

இலங்கையின் மன்னார்த் தீவில் பள்ளிமுனை என்று ஒரு ஊரும் இருக்கிறது. அங்கே என்ன விசேஷம்? ஒரு மரம்! ஆப்பிரிக்காவின் பெருக்கமரம்! உயரம் ஏழரை மீட்டர்தான். ஆனால் அடிமரத்தின் சுற்றளவு? பத்தொன்பதரை மீட்டர்! உயரத்தைவிடச் சுற்றளவு இரண்டரை மடங்கு! அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பார்கள்.

கேரளாவில் ராஜாவையும் சாமியையும் பற்றிப் பேசும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் பள்ளி ஒட்டும்! ராஜா குளித்தால் பள்ளிநீராட்டு, தூங்கினால் பள்ளிக்குறுப்பு, வாளுக்குப் பள்ளிவாள்! ஆரன்முளைப் படகுப் போட்டியில் பாய்ந்து வரும் நூறு அடி நீளப் படகுக்குப் பள்ளியோடம்! பள்ளிவேட்டை என்றால் திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் வில்லோடு புறப்படுவார், ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும், அம்பு பாயும். எதன் மேல்? ஒரு இளநீர் மேல்!

ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் பள்ளி தெரியும்!

திருச்சிராப்பள்ளிக்கு ஏன் அந்தப் பெயர்? மூன்று தலை அரக்கன் திரிசிரன் சிவனை வழிபட்ட ஊர் என்பது கோயில் கதை. மலைக்கோட்டைக் குகையில் கல் படுக்கைகள் உண்டு, அங்கே ‘சிரா’ என்ற பெயரும் செதுக்கியிருக்கிறது, ஆகவே சிரா என்ற துறவியின் பள்ளி என்பது கல்வெட்டு ஆய்வாளர்கள் கதை. எனக்குக் கல் சொல்லும் கதைதான் பிடித்திருக்கிறது!

வெள்ளைக்காரன் வாயில் அது ட்ரிச்சினோபோலி ஆனது. அங்கே சுருட்டிய சுருட்டு லண்டன் வரை போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறியும் சிங்கம் கொலைகாரனைப் பற்றி என்ன கண்டுபிடிக்கிறார் தெரியுமா? அவன் பிடித்தது ட்ரிச்சினோபோலி சுருட்டு! எதை வைத்து? தரையில் உதிர்ந்த சாம்பலை வைத்து!

இன்னும் கேளுங்கள்! வட ஐரோப்பாவில் வைக்கிங் கடலோடிகளின் புதையல்களில் மெல்லிய வெள்ளிக் கம்பியில் பின்னிய சங்கிலிகள் கிடைத்தன. தொல்லியல் அறிஞர்கள் அந்தப் பின்னலுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ட்ரிச்சினோபோலி! திருச்சித் தட்டார்கள் செய்த வெள்ளிச் சங்கிலி மாதிரியே இருந்ததாம்! வைக்கிங் புதையலில் நம்ம பள்ளி!

பள்ளி, பல்லே, ஹள்ளி!

பெங்களூரு விமான நிலையம் எங்கே இருக்கிறது? தேவனஹள்ளியில்! ஹள்ளி என்றால் என்ன? நம்ம பள்ளிதான்! சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கன்னடத்தில் ‘ப’ எல்லாம் ‘ஹ’வாக மாறத் தொடங்கியது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூவு! அப்படிப் பள்ளி ஹள்ளி ஆனது. பொருளும் ‘கிராமம்’ என்று நின்றுவிட்டது.

இந்த மாற்றத்தை ஒரே மாவட்டத்தில் பார்க்க வேண்டுமா? தர்மபுரிக்குப் போங்கள்! ஒரு பக்கம் நல்லம்பள்ளி. இன்னொரு பக்கம் மாரண்டஹள்ளி. அதையே பஸ் போர்டில் மாரண்டஅள்ளி என்றும் எழுதுவார்கள். ‘ப’ போய் ‘ஹ’, ‘ஹ’ போய் ஒன்றுமே இல்லை! மூன்று வடிவமும் ஒரே மாவட்டத்தில்!

தெலுங்கில் பல்லே. மதனப்பள்ளி என்றால் தக்காளிச் சந்தைதான் ஞாபகம் வருமா? தாகூர் 1919-இல் அங்கே தங்கியிருந்தபோதுதான் நம் தேசிய கீதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்! தெலங்கானாவின் போச்சம்பள்ளி என்றால் பட்டுச் சேலையா? 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அந்த ஊருக்குப் போனார். நிலமில்லாத தலித் மக்கள் 80 ஏக்கர் கேட்டார்கள். கூட்டத்திலிருந்து ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார்! பூதான இயக்கமே அங்கே பிறந்தது! இன்று ஊர்ப் பெயரே பூதான் போச்சம்பள்ளி!

நம்மூர் விஷயம் ஒன்று! 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்பு யாத்திரை கிளம்பியது எங்கிருந்து? திருச்சிராப்பள்ளி! ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியது எங்கே? வேதாரண்யத்தை ஒட்டிய அகத்தியான்பள்ளி! பள்ளியில் கிளம்பிப் பள்ளியில் முடிந்த போராட்டம்!

அப்புறம் பள்ளிபாளையம். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டுப் புரட்டும் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டிருக்கிறீர்களா? சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை, 2022-இல் உலக அளவிலான ராம்சர் பட்டியலில் இடம் பிடித்த சதுப்பு நிலம்! வடக்கே காட்டுப்பள்ளி, கப்பல் நிற்கும் துறைமுகம்!

எழும்பூர் மணலிலிருந்து ஸ்காட்லாந்துக்கு!

ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று பெயர் தெரியுமா? இன்றும் நடக்கிறது! எப்படி அந்தப் பெயர்?

1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்த வந்தார். பாடம் நடத்த ஆள் போதவில்லை. ஒருநாள் நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்கிறார். சிலேட்டு இல்லை, பேப்பர் இல்லை! தரையில் மணலைப் பரப்பி, பிள்ளைகள் விரலால் ‘அ’னா, ‘ஆ’வன்னா எழுதுகிறார்கள். தப்பா? கையால் ஒரு தடவு தடவினால் போதும், மறுபடி புது மணல்! பைசா செலவு இல்லை! பெல்லுக்கு மின்னல் அடித்தது. தன் பள்ளியிலும் மணலைக் கொட்டினார். எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம்மூரில் அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்! 1797-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து முழுக்க ‘மெட்ராஸ் முறை’ பரவியது! அவர் விட்டுப்போன பணத்தில் 1833-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் எழுந்தது!

திண்ணைப் பள்ளிகள் எத்தனை இருந்தன தெரியுமா? ஆளுநர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் வந்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள்! 1,88,650 மாணவர்கள்! சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி! அதில் பெண் பிள்ளைகள் மிக மிகக் குறைவு. வேடலில் 500 பெண்கள் படித்த நாட்டில்! இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

இப்போது இந்தியாவில் எத்தனை பள்ளிகள்? 2023-24 அரசுக் கணக்குப்படி 14.72 லட்சம்! மாணவர்கள் 24.8 கோடி!

கடைசியாக ஒன்று!

கடலன் வழுதி கொத்திக் கொடுத்த ‘பளிஇய்’ இருக்கும் மீனாட்சிபுரம் மலையும் பக்கத்து அரிட்டாபட்டியும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டன. அந்த வட்டாரத்திலேயே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024-இல் ஏலம் விடப்பட்டது தெரியுமா? விவசாயிகளும் ஊர்ப் பெண்களும் மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது!

சுரங்கம் போய்விட்டது. ஆனால் கல் படுக்கைகளின் மேல் ஆணியால் பெயர் கீறுவது இன்னும் பல மலைகளில் நிற்கவில்லை. அடுத்த லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீனாட்சிபுரத்துக்கோ சித்தன்னவாசலுக்கோ போய் வாருங்கள். வெயில் ஏறும் முன்பே மலை ஏறுங்கள், தண்ணீர் பாட்டிலைத் திருப்பி எடுத்து வாருங்கள், தயவுசெய்து பாறையில் ஒரு கோடுகூடக் கிழிக்காதீர்கள்! உங்கள் ஊர்ப் பக்கத்தில் பள்ளி என்று முடியும் ஊர் ஏதாவது இருந்தால், அங்கே யார் தங்கினார்கள், யார் படித்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்!